எந்த வரியில் நிற்கிறோம்?

தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தில் தமிழின் பெயர் இருக்கிறது. 1996இல் அதை இயற்றியவர்கள் 11 மொழிகளை ஆட்சிமொழிகள் ஆக்கினார்கள். 2023இல் சைகை மொழியும் சேர்ந்து 12 ஆயிற்று. தமிழ் அந்த வரிசையில் இல்லை. இந்தி, குஜராத்தி, தெலுங்கு, உருது ஆகியவற்றோடு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகள் என்ற வரியில் நிற்கிறது. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்களில் பலரின் மொழி தமிழ். செங்கல்பட்டுப் பக்கம் சர்க்கரை ஆலை உள்ள படாளத்தில் கரும்பு வெட்டும் கஷ்டத்தைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதே பிரிவில் சான் மக்களின் மொழிகளும் வருகின்றன. தடம் பார்த்து வேட்டையாடிய, அந்த மண்ணின் மூத்த குடிகள் அவர்கள். அவர்களுடைய மொழிகளில் ஒன்றில்தான் 2000இல் அந்த நாடு தன் அரசு முத்திரையின் வாசகத்தைப் பொறித்தது. அதற்கு வெகுகாலம் முன்பே அந்த மொழியைப் பேச ஆளில்லாமல் போயிருந்தது. இன்னொரு சான் மொழியைத் தங்குதடையின்றிப் பேசத் தெரிந்த கடைசி மனிதராக அறியப்பட்டவர் கத்ரீனா ஈசாவ் என்ற மூதாட்டி. சிறுமியாக இருந்தபோது, அது அசிங்கமான மொழி என்று பண்ணை முதலாளி சொல்லக் கேட்டவர். முதுமையில் அப்பிங்டன் ஊரில் தன் வீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டி அதைக் கற்றுக்கொடுத்தார்.

அங்கே தமிழ் சிறுபான்மை வரியில் நிற்கிறது. இங்கே தமிழ்நாட்டில் நாம்தான் பெரிய மொழிக்காரர்கள். அந்தப் பண்ணை முதலாளியின் இடத்தில் இருப்பது நாம். இது நமக்கு அவ்வளவாக உறைப்பதில்லை.

நீலகிரிச் சரிவிலும் கோவை மலைப்பக்கத்திலும் வாழும் இருளர்களுக்குத் தனி மொழி உண்டு. செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் 1970களில் அதை ஆராய்ந்து, தனித் திராவிட மொழியாகவே எழுதினார். 2011 மக்கள்தொகைக் கணக்கிலோ அது தமிழின் கீழ் ஒரு உட்பிரிவு, அவ்வளவுதான். செங்கல்பட்டுப் பக்கத்துச் சமவெளி இருளர் பேசுவது தமிழ். ஆனால் பாடப்புத்தகத் தமிழ் அல்ல. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மனைக் கும்பிட அவர்கள் திரளும்போது நின்று கேட்டால் தெரியும்.

அந்தப் பேச்சுக்குள் இருக்கும் அறிவு சாதாரணமானதல்ல. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிலும் நஞ்செடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பல பாம்புக்கடி மருந்துக் குப்பிகளுக்கு மூலம் அந்த நஞ்சுதான். பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு வரவழைத்தார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் உள்ளூர் ஆட்களின் கண்ணுக்குச் சிக்குவதே அரிது. இவர்கள் போன முதல் சில வாரங்களிலேயே இருபதுக்கு மேல் பிடித்துவிட்டார்கள். ஆங்கிலம் தெரியாது, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வந்தது. விருது கொடுப்பது சுலபம். முத்திரையில் பொறிப்பதும் சுலபம்.

பாம்பைத் தேடும் அந்த அறிவோ அப்படி அல்ல. புல் மடங்கியிருக்கும் விதம், மண்ணில் பதிந்த வரியின் ஈரம், எச்சத்தின் நிறம் எல்லாம் அப்பன் பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லித்தான் இறங்குகின்றன. செங்கல் சூளைக்கும் சவுக்கு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய்விட்டால் அந்தப் பேச்சு நடக்காது. பள்ளிக்கு வரும் பிள்ளை வாய் திறந்ததும் வகுப்பு சிரித்தால், வீட்டிலும் அது அப்படிப் பேசாது.

படாளம் சுற்றுவட்டாரத்தில் ஆசிரியராக இருப்பவர் யாராவது இதைப் படித்தால் ஒன்று செய்து பார்க்கலாம். பாம்பு பற்றிய பாடம் வரும் நாளில் இருளர் பிள்ளையை எழுப்பி, பாம்பு எந்தப் பக்கம் போனதென்று எப்படிக் கண்டுபிடிப்பது எனக் கேட்கலாம். அது சொல்வதை அதன் வாய்ப்பேச்சிலேயே, திருத்தாமல், கரும்பலகையில் எழுதலாம்.