வாயிற்காவலும் கைப்பேசி முகப்பும்

உழுதுண்ணும் அந்தணன் ஒருவனுக்கு ஏரையும் நுகத்தையும் காட்டி அறம் உரைத்தார் ததாகதர். யாழிசை அறிந்த சோணருக்கு நரம்பின் இறுக்கத்தைக் காட்டி முயற்சியின் அளவை விளக்கினார். கேட்பவர் கையில் எப்பொருள் உள்ளதோ, அப்பொருளைக் கொண்டே அறத்தை உணர்த்துவது அப்பெருமானின் வழக்கம். இந்நாளில் நம்மவர் பெரும்பாலோர் கையில் இருப்பது கைப்பேசி. ஆதலின் அதன் முகப்புத் திரையில் செயலிகளை ஒழுங்குபடுத்துவது குறித்து, அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் நம் மக்களை எண்ணிச் சில கூறப் புகுகின்றோம்.

சம்யுத்த நிகாயத்தில் பெருமான் அருளிய உவமை ஒன்றுண்டு. எல்லைப்புற நகரம் ஒன்று. அதற்கு வலிய மதிலும் ஆறு வாயில்களும் உள்ளன. அறிவிற் சிறந்த காவலன் ஒருவன் அறியாதாரைத் தடுத்து, அறிந்தாரை உள்ளே விடுகின்றான். விரைந்து வரும் தூதர் இருவர் நகரத் தலைவன் இருக்குமிடத்தை வினவ, அவன் நாற்சந்தியில் வீற்றிருப்பதைக் காவலன் தெரிவிக்கின்றான். தூதர் சென்று, உண்மைச் செய்தியை ஒப்புவித்து, வந்த வழியே மீள்கின்றனர். நகரமாவது இவ்வுடல். வாயில்கள் ஐம்பொறிகளும் மனமும். தலைவன் உணர்வு. காவலன் நற்கடைப்பிடி. இக்காவலனுக்குத் தொழில் இரண்டு என்பதை நோக்குக. வேண்டாதாரைத் தடுப்பது ஒன்று. தூதனுக்கு வழிவிடுவது மற்றொன்று. இரண்டாவதை மறந்தவன் காவலனாகான்.

அந்தமான் நிக்கோபாரும் ஓர் எல்லைப்புற நகரமே. நெடுங்காலம் அதன் செய்தித் தொடர்பு செயற்கைக்கோளையே சார்ந்திருந்தது. ஒரு படம் திறப்பதற்கும் பொறுத்திருக்க வேண்டிய காலம் அது. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள், சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழை வடம் தொடங்கி வைக்கப்பெற்றது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரோடு, ரங்கத், லாங் தீவு, சுவராஜ் துவீபம், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களையும் அது இணைத்தது. கல்விக்கும் மருத்துவத்திற்கும் வணிகத்திற்கும் இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் ஒன்றைக் கருதுதல் வேண்டும். அந்நாளில் கடலே வாயிற்காவலனாக நின்றது. செய்தி அரிதாய் வந்தமையால் வேண்டியதையே மக்கள் நாடினர். வடம் வந்தபின் அக்காவலன் விலகிவிட்டான். அவன் நின்ற இடத்தில் இனி நாமே நிற்றல் வேண்டும்.

நிற்கின்றோமா? இன்றைய முகப்புத் திரைகளைப் பாருங்கள். விளையாட்டுகள், அங்காடிகள், காணொளிகள் முதற்பக்கத்தை நிறைத்துள்ளன. ஒவ்வொன்றின் தலையிலும் செம்புள்ளி ஒன்று எண்ணைத் தாங்கி அழைக்கின்றது. செந்நிறம் கண்ணை ஈர்க்கும் என்பது அதனை வைத்தவர் அறிந்ததே. விலையின்றி வந்த செயலி நம் கவனத்தையே விலையாகக் கொள்ளுகின்றது. வங்கியும் வானிலையும் மூன்றாம் பக்கத்தில் மறைந்து கிடக்கின்றன.

இதனால் என்ன கேடு என்பீராயின், 2004 டிசம்பர் 26ஆம் நாளை நினைவு கூர்வீராக. சுமத்திராவுக்கு அருகே காலையில் எழுந்த நிலநடுக்கத்தின் பேரலைகள் சிறிது நேரத்திற்குள் நிக்கோபார்க் கரைகளை அழித்தன. இந்துமாக்கடலில் அன்று சுனாமி எச்சரிக்கை நிலையம் எதுவும் இல்லை. லிட்டில் அந்தமானின் ஓங்கி மக்களோ, நீர் உள்வாங்குவதைக் கண்டு மேட்டு நிலம் ஏறிப் பிழைத்தனர். அவர்கள் கையில் கருவி இல்லை. ஆயினும் தூதன் வந்ததை அறிந்தனர்.

இன்று தூதர் பலர் உளர். ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகின்றது. அதனை நடத்தும் நிறுவனத்தின் 'சமுத்ரா' செயலி பேரலையையும் கடற்கொந்தளிப்பையும் அறிவிக்கின்றது. வானிலைத் துறையின் 'மௌசம்' செயலி 2020இல் வந்தது. செயலி ஏதுமின்றியே கோபுரம் வாயிலாகக் கைப்பேசிகளுக்கு அவசர எச்சரிக்கை அனுப்பும் முறையும் 2023இல் நாட்டின் பல பகுதிகளில் சோதிக்கப்பெற்றது. நாள் முழுதும் கூவும் நூறு அறிவிப்புகளுக்கிடையே இத்தூதனின் குரல் கேட்குமா என்பதே நம் கேள்வி.

இனிச் செய்யத்தக்கன மூன்று.

முதலாவது, கணக்கெடுத்தல். பிக்குவுக்கு உரிய பொருள்கள் எட்டே: மூன்று சீவர ஆடைகள், பாத்திரம், இடைக்கச்சை, மழிகத்தி, ஊசி, நீர்வடிகட்டி. இவை ஒவ்வொன்றும் எதற்கென்று அவர் கூறவல்லவர். இல்லறத்தாராகிய நமக்கு எட்டு என்னும் வரம்பில்லை. எதற்கென்னும் கேள்வி உண்டு. விடை கூற இயலாத செயலியை நீக்குக. ஐயமுள்ளதை முகப்பிலிருந்து மட்டும் அகற்றுக. அதனால் அது அழியாது. ஆண்ட்ராய்டில் செயலிப் பட்டியலிலும் ஐபோனில் செயலி நூலகத்திலும் இருக்கும். தேடி எடுக்கும் அந்த நொடியில் காவலன் விழித்துக்கொள்வான்.

இரண்டாவது, இடமளித்தல். கட்டைவிரல் எளிதில் எட்டும் அடிவரிசையில் பேசுதல், செய்தி, கடல்நிலை, வானிலை ஆகிய நான்கும் அமைக. அதற்கு மேல் வங்கியும் பயணமும் நிற்கட்டும். எஞ்சியவை ஒரு கோப்புறையில் அடங்கி இரண்டாம் பக்கம் செல்லட்டும். முதியோர் கைப்பேசியில் பிள்ளைகளின் எண்களும் 112 என்னும் அவசர எண்ணும் முகப்பிலேயே விளங்குமாறு இளைஞர் அமைத்துக் கொடுத்தல் பெரும் புண்ணியம்.

மூன்றாவது, குரலை அளத்தல். வணிகம், விளையாட்டு ஆகியவற்றின் அறிவிப்புகளை அடைத்துவிடுக. எச்சரிக்கைகளின் அறிவிப்பை ஒலியோடு திறந்து வைக்க. தொல்லை என்று எண்ணி அனைத்தையும் ஊமையாக்குவோர் உளர். கதவைத் தாழிட்டு உறங்கும் காவலன் செயல் அது. தூதன் வெளியே நிற்பான். எல்லாவற்றையும் திறப்பதும் எல்லாவற்றையும் அடைப்பதும் இரு கோடிகள். நடுவழியே நம் வழி.

இம்மூன்றும் நிறைவேறினவா என அறியக் கப்பற் பயணம் நல்ல உரைகல். சென்னைக்கும் தீவுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று நாள் செல்லும். நடுக்கடலில் கைப்பேசிக்கு அலையில்லை. பயணச்சீட்டையும் வேண்டும் ஆவணங்களையும் முன்னரே இறக்கி வைத்தவன் அமைதியாயிருப்பான். அலையில்லை என்று அறிந்தும் கை எச்செயலியைத் தேடிச் செல்கின்றது என்பதை அம்மூன்று நாளும் நோக்குக. வெறுப்பின்றி நோக்குதலே போதும். பற்று எங்குளது என்பதை அக்கையே காட்டிவிடும். கரை இறங்கியதும் முதலில் இடம் மாற வேண்டிய செயலி அதுவேயாம்.

அன்பர்களே! திரையை ஒருமுறை திருத்தியதோடு கடமை முடிவதில்லை. நாள்தோறும் புதியோர் வாயிலுக்கு வருவர். மதில் எத்துணை வலிதாயினும் காவலன் அயர்ந்தால் நகரம் அயரும். திங்களுக்கொருமுறை, பௌர்ணமி உபோசத நாளில், நம் ஒழுக்கத்தைச் சோதிக்கும் வேளையில் நம் முகப்புத் திரையையும் சோதிப்போமாக. தீவிலும் கரையிலும் வாழும் அனைவரும் விழிப்புடையராய், அச்சம் நீங்கி, நலமுற வாழ்க.