இடது பக்கம் கேட்கவில்லை

எட்டு மாதத்தில் அப்பாவுக்கு மூன்று ஹெட்செட் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மூன்றுமே 150 ரூபாய்க்குள். பஸ் ஸ்டாண்ட் ரீசார்ஜ் கடையில் கொத்தாகத் தொங்குமே, அந்த ரகம். நல்லதா ஒண்ணு வாங்கித் தர்றேன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். "நான் கேக்குறது பழைய பாட்டு. அதுக்கு எதுக்குடா ரெண்டாயிரம்?"

அவர் பக்கம் நியாயம் உண்டு. யெரூன் பிரேபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்போன்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்த அதிர்வெண்ணை எவ்வளவு சத்தமாகத் தருகிறது என்று அலசி 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கும் விலைக்கும் தொடர்பே இல்லை என்பது அவர் கண்டது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. உள்ளே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு, ஒரு கம்பிச்சுருள், ஒரு காந்தம். பல பத்தாண்டுகளாகச் செய்து செய்து மலிந்துபோன விஷயம்.

விலையைக் குறைக்கும் கத்தி வேறு இடங்களில் விழும். காதில் படும் பிளாஸ்டிக்கில் விழும். அரை மணி நேரத்தில் வலிக்கும். சரியாகப் பொருந்தாததால் பேஸ் வெளியே கசிந்துவிடும். விரலால் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள், காணாமல்போன பேஸ் திரும்பி வரும். எல்லாவற்றையும்விட ஆழமாக அது விழுவது ஒயரில். தலைமுடியைப் போன்ற செப்பு இழைகள், பின்னை ஒட்டி ஒயர் மடங்கும் இடத்தில் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். கடைசி இழையும் அறும்வரை பாட்டு கேட்கும். கடைக்காரர் போட்டுக் காட்டும்போது எல்லாம் ஜோராக இருப்பது அதனால்தான்.

இதையெல்லாம் நான் அப்பாவுக்கு போனில் விளக்கியிருக்கிறேன். முதல் ஹெட்செட் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "இடது பக்கம் போச்சுடா" என்றார். ஒயர்தாம்பா, வேற வாங்கிக்கலாம் என்றேன். இரண்டாவதும் போனது. இடது பக்கம். மூன்றாவதும் இடது பக்கம்.

நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். ஒரே பிழை மூன்று மெஷினில் வந்தால் மூன்றுக்கும் பொதுவாக இருப்பதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். அதற்குத்தான் சம்பளமே. ஹெட்செட்டை இடம் வலம் மாற்றி மாட்டிப் பாருங்கப்பா என்று சொல்ல ஐந்து நொடி போதும். சொல்லவில்லை.

"எப்பலேர்ந்து கேக்கல?" என்றார் காது டாக்டர். "முதல் ஹெட்செட்லேர்ந்து" என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. ஒரு காது திடீரென்று மந்தமானால் முதல் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பார்களாம். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. எட்டு மாதம் கழித்து அதற்கெல்லாம் வழியில்லை. போனை எப்போதும் வலது காதில் வைத்துப் பேசுகிறவர். கேட்பதோ அறுபதுகளின் மோனோ பாட்டு. அதில் இரண்டு பக்கமும் ஒன்றேதான், ஒரு பக்கம் இல்லாவிட்டாலும் பாட்டில் எதுவும் குறையாது. அவருக்கே தெரியவில்லை.

என்மேல் தப்பா? நண்பன் ஒருவன் இல்லை என்கிறான். நூறு ஹெட்செட்டில் ஒரு பக்கம் போனால் பெரும்பாலும் ஒயர்தான் காரணம். நீ சரியாகத்தான் ஊகித்தாய், விடை தப்பாகிவிட்டது, அவ்வளவுதான் என்கிறான். ஆறுதலாக இருந்தது. ஆனால் நான் ஊகிக்கவே இல்லை. ஊகிக்க ஒரு கேள்வி வேண்டும், எனக்குக் கேள்வியே எழவில்லை. அதே ஹெட்செட் 20,000 ரூபாய் என்றால்? மாற்றி மாட்டச் சொல்லியிருப்பேன், வேறு போனில் செருகச் சொல்லியிருப்பேன், வாரண்டி கார்டைத் தேடியிருப்பேன். முதல் நாளே உண்மை தெரிந்திருக்கும். அப்பா சொன்ன ஒரு வாக்கியத்துக்கு நான் எவ்வளவு காது கொடுப்பது என்பதை அந்த வாக்கியத்தில் இருந்த பொருளின் விலை முடிவு செய்திருக்கிறது. இதை என்னால் சுலபமாகத் தாண்டிப்போக முடியவில்லை.

கையில் இருக்கும் சுத்தியல் ஒழுங்காக வேலை செய்யும்வரை நம் கண்ணில் படாது, உடைந்தால்தான் நம் எதிரே வந்து நிற்கும் என்பது ஹைடெக்கர் 1927-இல் எழுதியதன் சாரம். அவர் காலத்துச் சுத்தியலுக்கு அது சரி. 150 ரூபாய்ப் பொருள் உடைந்தாலும் எதிரே வந்து நிற்பதில்லை. அது டிராயருக்குப் போகிறது, அடுத்தது வருகிறது. ஏன் உடைந்தது என்று தெரிந்துகொள்வதைவிட இன்னொன்று வாங்குவது மலிவு. அதற்காக மலிவைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அது இல்லையென்றால் அப்பாவுக்கு ராத்திரிப் பாட்டே இல்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று டிராயரிலிருந்து மூன்றையும் எடுத்து என் காதில் மாட்டிப் பார்த்தேன். ஒன்றில் நிஜமாகவே இடது ஒயர் அறுந்திருந்தது. மற்ற இரண்டும் இரண்டு பக்கமும் நன்றாகப் பாடின.

"ரெண்டு நல்லாத்தான் இருக்குப்பா" என்றேன்.

"அப்ப அந்த அறுந்தத எனக்குக் குடு" என்றார் அப்பா. "வலது பக்கம் பாடுதுல்ல? நல்லது ரெண்டையும் நீ வச்சுக்கோ."