அன்பும் விலையும்

வணிகன் ஒருவன் தன்னை நாடி வருவோரிடம் காட்டும் அன்பு அன்புதானா, அன்றி அதுவும் அவன் விற்கும் சரக்குகளுள் ஒன்றா? வினா பழையது. அதனை எம் உள்ளத்தில் மீண்டும் எழுப்பியவர், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வழியில் சிறியதொரு ஸ்டுடியோ நடத்திவரும் புகைப்படக் கலைஞர் ஒருவர். உறவினர் இல்லத் திருமணத்தின் பொருட்டு அவரிடம் பேசச் சென்றிருந்தோம்.

அப்பகுதியின் இயல்பை முதற்கண் கூறுதல் வேண்டும். இராமானுசர் அவதரித்த தலமாகப் புகழ்பெற்ற ஊர் அது. சுற்றிலும் ஏரிகளும் நெல்வயல்களுமாக இருந்த நிலம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலையும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார் ஆலையும் வந்தன. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் இளைஞர் வந்து குடியேறினர். பழைய கிராமத்தில் படம் எடுப்பவர் ஊரறிந்தவர். தந்தையின் திருமணத்தை எடுத்தவரே மகனின் திருமணத்தையும் எடுப்பார். புதிதாய்க் குடியேறியவர்க்கு எவரைத் தெரியும்? ஆகவே அவர்கள் நான்கு கடைகளில் விலை கேட்கின்றனர். குறைத்துச் சொன்னவரிடம் முன்பணம் கொடுக்கின்றனர்.

இதில் அவர்களைக் குறை கூறல் ஆகாது. புடவையை விரித்துப் பார்த்து வாங்கலாம், அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். திருமணப் படமோ, பணம் கொடுக்கும் நாளில் இன்னும் பிறவாத பொருள். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றொரு முறை தாலி கட்டச் சொல்ல இயலாது. பொருளைக் காண வழியில்லாதபோது விலை ஒன்றே கண்ணுக்குத் தெரிகிறது.

விலை சரிந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. பிலிம் சுருளில் படம் எடுத்த காலத்தில், சிறிய சுருளுக்கு 36 படங்கள், பெரிய சதுரப் படமாயின் 12 படங்கள் என்று கணக்கு இருந்தது. ஒவ்வொரு படத்திற்கும் செலவு உண்டாதலால், அதற்குக் கீழே விலையை இறக்க ஒருவராலும் இயலவில்லை. டிஜிட்டல் கேமரா அந்தத் தரையைப் பெயர்த்துவிட்டது. இன்று விலையை எவ்வளவும் இறக்கலாம். இறக்கியவர் அதனை வேறிடத்தில் ஈடு செய்துகொள்வார். இரண்டாம் கேமராக்காரர் வரமாட்டார், ஆல்பத்தின் தாள் மெலியும், படங்களுக்குப் பிரதி எடுத்து வைக்கமாட்டார்.

நாம் கண்ட கலைஞர் விலையைக் குறைப்பதில்லை. "திருமணத்திற்கு முன் ஒரு மாலைப்பொழுது உங்கள் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும் ஐயா, அவ்வளவுதான் நான் கேட்பது" என்றார். பேசி என்ன செய்வீர் என்று வினவினோம். சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னார். மணப்பெண்ணின் தாய் கைம்பெண். ஆலை உணவகத்தில் பாத்திரம் துலக்கி மகளை வளர்த்தவர். வழக்கத்தை எண்ணி அவர் மேடைப்பக்கமே வரமாட்டார் என்பது முன்னாள் மாலைப் பேச்சில் தெரிந்தது. முகூர்த்தத்தின்போது எல்லாரும் மேடையை நோக்கியிருக்க, இவர் தம் உதவியாளர் ஒருவரைச் சமையற்கட்டின் வாயிலில் நிறுத்தினார். கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அட்சதையை அங்கிருந்தே தூவிய அத்தாயின் படம், அந்த ஆல்பத்தில் இருக்கிறது. விலை மட்டும் பேசி வந்தவர்க்கு அவர் அங்கே நிற்பார் என்பது தெரிந்திராது.

கேட்டபோது உள்ளம் நெகிழ்ந்தது. ஆயினும் ஐயம் தீரவில்லை. ஏனெனில், இதே மாலைப் பேச்சு வேறொருவர் கையில் என்னவாயிற்று என்பதையும் யாம் அறிவோம். எமக்குத் தெரிந்த தொழிலாளி ஒருவர் மகள் திருமணத்திற்காகச் சேமநிதிப் பணம் எடுத்திருந்தார். படம் எடுக்க வந்தவர் இனிமையாகப் பேசினார், காப்பி அருந்தினார், மணப்பெண்ணைத் 'தங்கச்சி' என்று அழைத்தார். பேச்சோடு பேச்சாகச் சேமநிதிச் செய்தியும் வெளிவந்தது. அதன்பின் டிரோன் கேமரா, மண்டபத்தில் பெரிய திரை, இரண்டாவது ஆல்பம் என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தங்கச்சி என்று சொன்னவரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல அத்தந்தைக்கு நா எழவில்லை.

உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களாக ஐந்தினை எடுத்துரைக்கிறது. குறைத்து அளந்து கொடுத்து மிகுத்து அளந்து கொள்ளுதல் அவற்றுள் ஒன்று. நல்ல பொருளைப் போன்ற போலிப் பொருளைக் கலந்து விற்றல் மற்றொன்று. நெய்யையும் பொன்னையும் மனத்திற் கொண்டே இதனை நாம் படித்துவருகிறோம். அன்பிலும் போலி கலக்கலாம் அன்றோ? கலப்பட நெய்யை வாங்கியவன் ஏமாந்ததை அறிந்ததும் சினம் கொள்கிறான். கலப்பட அன்பை வாங்கியவன் பெரும்பாலும் அறிவதேயில்லை, அறிந்தாலும் வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை. அவ்வகையில் இது மிகக் கொடிய கலப்படம் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஜெர்மானிய மெய்யறிஞர் கான்ட் 1785-இல் வெளியிட்ட நூலில் கடைக்காரன் ஒருவனைக் காட்டுகிறார். அவன் யாவர்க்கும் ஒரே விலை சொல்கிறான். சிறு குழந்தை வந்து வாங்கினாலும் ஏமாறாது. எனினும் தன் ஆதாயம் கருதி அவ்வாறு செய்வானாயின் அச்செயல் கடமையின்பாற் பிறந்தது ஆகாது என்பது கான்ட்டின் துணிபு. உள்நோக்கத்தை அளக்கும் இக்கோல் மிக நுண்ணியது. ஆனால் வாங்க வருபவர் கையில் அக்கோல் இல்லையே! பிறர் நெஞ்சை எங்ஙனம் திறந்து பார்ப்பது?

இந்த ஐயத்தைச் சுற்றி வளைக்காமல் அக்கலைஞரிடமே வைத்தோம். அவர் சினக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைக் காட்டி, "முதலில் விலை, பிறகுதான் பேச்சு. முன்பணமும் ரசீதும் கைமாறிய பின்புதான் வீட்டிற்கு வருவேன். அதற்குப் பிறகு உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தாலும் எனக்கு அதனால் பயன் இல்லை, புதிதாக எதையும் விற்கமாட்டேன்" என்றார். விலை கட்டுப்படியாகாதவர்க்கு, தம்மிடம் தொழில் பயின்று தனியே நடத்தும் இளைஞர் ஒருவரிடம் வழிகாட்டி அனுப்புவாராம்.

நெஞ்சைத் திறந்து காட்ட இயலாத மனிதர், தம் நெஞ்சு தவறினாலும் பிறர்க்குத் தீங்கு நேராதபடி வரிசையை மாற்றி வைத்திருக்கிறார். அன்பினால் அறிந்த செய்தி படத்திற்குள் போகலாம், பற்றுச்சீட்டிற்குள் போகலாகாது. இதற்குமேல் அவர் உள்நோக்கத்தைத் துருவ எமக்கு விருப்பமில்லை.

ஆயினும், தம் நெறியைத் தாமே ஒருமுறை மீறியதாகவும் அவர் சொன்னார். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது, அங்கே பணிபுரிந்த பெண் ஒருத்தி முன்பணம் கொடுத்திருந்தாள். வேலை போயிற்று, திருமணம் நிற்கவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தாமே தனியாகச் சென்று கூலியின்றிப் படம் எடுத்தார். "அதில் என்ன தவறு?" என்றோம்.

"அதே மாதத்தில் சித்தாள் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் தம் மகளுக்காக முழு விலையும் கொடுத்தார் ஐயா. அவர் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. அந்தப் பெண் அழுதாள், இவர் அழவில்லை. அதுதான் வேறுபாடு" என்று கூறிவிட்டு, ரசீதுப் புத்தகத்தை எடுத்து எங்கள் பக்கம் தள்ளினார்.