ராயபுரத்தில் இறங்கிய சுமை, எண்ணூரில் ஏறியது

2011 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. அக்டோபர் 1ஆம் தேதி முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் கையாளக் கூடாது. தூசி கிளப்பும் அந்தச் சரக்குகள், இப்போது காமராஜர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்பது அதன் சாரம். ராயபுரத்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் அது பெரிய விடுதலை. மொட்டை மாடியில் காயும் துணியிலும் சன்னல் கம்பியிலும் பல்லாண்டுகளாகக் கரி படிந்த தெருக்கள் அவை. துறைமுகத்துக்கு வருமானம் போயிற்று. ஆனாலும் சரக்கைவிட மனிதரின் நுரையீரல் பெரிது என்று முடிவாயிற்று. அந்த முடிவைக் குறை சொல்வது கடினம்.

நிலக்கரியின் தேவை மட்டும் குறையவில்லை. சரக்கு 24 கிலோமீட்டர் வடக்கே நகர்ந்தது. அங்கேயும் தெருக்கள் இருந்தன, மொட்டை மாடிகள் இருந்தன, மூச்சுவிடும் மனிதர்கள் இருந்தார்கள். ஓரிடத்தின் துன்பத்தைத் தீர்க்க அதை இன்னோரிடத்தின் தலையில் ஏற்றலாமா? ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், என்ன நிபந்தனையில்? வடசென்னையைப் பற்றி இன்று நடக்கும் மின்சார விவாதம், மாசு விவாதம், துறைமுக விவாதம் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கேள்விதான் கிடக்கிறது.

ஏற்கெனவே அந்தத் தலையில் இருக்கும் சுமை சிறியதல்ல. மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்ட 450 மெகாவாட் எண்ணூர் அனல் மின் நிலையம். 1994இல் உற்பத்தியைத் தொடங்கி இரண்டு கட்டங்களில் 1,830 மெகாவாட் திறனை எட்டிய வடசென்னை அனல் மின் நிலையம். 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட அதன் மூன்றாம் கட்டம் இன்னும் 800. வல்லூரில் 1,500. கட்டுமானத்தில் 1,320. இவற்றோடு உர ஆலை, காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்துகிடக்கும் நிலக்கரிச் சாம்பல். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் மணலி பெற்ற மதிப்பு 76.32. எழுபதைத் தாண்டினாலே 'கடுமையாக மாசுபட்ட பகுதி' என்பது வாரியத்தின் கணக்கு. 2010 ஜனவரியில் இத்தகைய பகுதிகளில் புதிய தொழில்களுக்கும் விரிவாக்கத்துக்கும் தடை வந்தது. பிறகு மணலியிலும் அந்தத் தடை விலகியது.

இத்தனை ஆலைகளை இங்கே குவித்ததற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தை அலட்சியமாக ஒதுக்க முடியாது. 2012இல் தமிழ்நாடு மின்வெட்டில் தவித்தது. கோவையின் சிறு பட்டறைகள் மூடிக்கிடந்தன, கிராமங்களில் பாதி நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாத மாநிலத்தில் முதலில் அடிபடுவது ஏழையின் கூலி. ஜெனரேட்டர் வாங்க வசதியுள்ளவர் எப்படியும் சமாளித்துக்கொள்வார். நிலக்கரி கப்பலில் வருகிறது, குளிர்விக்கக் கடல்நீர் வேண்டும், மின்சாரம் தேவைப்படும் நகரம் பக்கத்தில் இருக்கிறது. எண்ணூரைத் தேர்ந்தெடுத்த பொறியாளரிடம் கெட்ட எண்ணம் இருந்திருக்கத் தேவையில்லை. ஒரு கோடிப் பேருக்கு நன்மை, சில லட்சம் பேருக்குத் தொல்லை; கூட்டிக் கழித்தால் நன்மையே மிஞ்சும் என்பது அந்த வாதம்.

கூட்டல் கழித்தலில் பிழை இல்லாமல் இருக்கலாம். ஆனால் நன்மை போய்ச் சேரும் வீடும் தொல்லை வந்து சேரும் வீடும் வேறு வேறு என்பதை அந்தக் கணக்கு காட்டுவதில்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் 2016 முதல் அடையாற்று வீட்டுக்கும் உண்டு, எண்ணூரின் காட்டுக்குப்பத்து வீட்டுக்கும் உண்டு. சாம்பல் அப்படிப் பகிர்ந்து கொடுக்கப்படுவதில்லை.

நியாயமான பங்கீடு எப்படி இருக்கும் என்பதை அந்தக் கழிமுகத்தின் மீனவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வரையிலான கழிமுக மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை நெடுங்காலமாக உண்டு. இறால் நிறைய விழும் இடமும் உண்டு, வெறும் வலை இழுக்கும் இடமும் உண்டு. எந்த நாளில் யார் எங்கே வலை கட்டுவது என்பதை ஊர் கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை; கெட்ட இடமும் ஒருவர் மீதே விடிவதில்லை. அப்படிப் பகிர்ந்துகொண்ட மக்களுக்குத்தான் நகரம் தன் கெட்ட முறையை நிரந்தரமாகக் கொடுத்திருக்கிறது. புகைபோக்கியை முறைவைத்து இடம் மாற்ற முடியாது என்பது உண்மைதான். முறை மாற்ற முடியாத சுமைக்கு ஈடு என்ன என்று யோசிக்கும் கடமை அதனாலேயே கூடுகிறது.

'அங்கே போய்க் குடியிருக்கச் சொன்னது யார்?' என்றொரு கேள்வியும் அவ்வப்போது எழும். மீனவக் குப்பங்கள் எல்லா ஆலைகளுக்கும் மூத்தவை. பிறகு வந்தவர்களில் பலர் வேலைக்காக வந்தவர்கள். இன்னும் பலரை அரசே அழைத்துவந்து குடியமர்த்தியது. 2004 சுனாமியில் கடலோர வீடுகளை இழந்த வடசென்னை மக்களுக்கு எர்ணாவூரில் கட்டிக்கொடுத்த அடுக்குமாடிகளுக்கு இன்றும் சுனாமி குடியிருப்பு என்றுதான் பெயர். கடலிடமிருந்து காப்பாற்றி ஆலைகளின் காற்றுக்குள் குடியேற்றிவிட்டு, தெரிந்துதானே வந்தீர்கள் என்று கேட்பது நேர்மையாகாது.

எனவே கேள்வி சம்மதத்துக்கு வந்து நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தைக் கட்டாயமாக்குகிறது. கூட்டம்தான் கட்டாயம், அங்கே சொல்லப்படும் மறுப்புக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூடிய எண்ணூர் அனல் மின் நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட் விரிவாக்கம் கொண்டுவர 2024 டிசம்பரில் கருத்துக்கேட்பு நடந்தபோதும் எதிர்ப்புக் குரல்கள் பலமாக எழுந்தன. 'வேண்டாம்' என்ற பதில் எந்த முடிவையும் மாற்றாது என்றால், அங்கே நடப்பது கேட்பது ஆகாது, தெரிவிப்பதுதான்.

விபத்து நடந்தால் மட்டும் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கசிவு இல்லை என்றது முதல் அறிக்கை. சில நாட்களில் எர்ணாவூர்க் கரையில் மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாகக் கறுப்புக் குழம்பை அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. தங்கள் குழாயில் கசிவு இல்லை என்றுதான் அந்த ஆலையை நடத்தும் சிபிசிஎல் நிறுவனம் முதலில் சொன்னது. அந்த எண்ணெய் முழுதாக நீங்கும் முன்பே, டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் வேளையில், கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாசலில் எடுத்த அளவீட்டில் ஒரு கனமீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது; வரம்பு 400.

பிறகு பணம் வந்தது. 2023 எண்ணெய்க் கசிவால் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகு ஒன்றுக்கு 10,000, மற்றக் குடும்பங்களுக்கு 7,500 என்று அரசு நிவாரணம் அறிவித்தது. அமோனியாக் கசிவுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீடாக 5.92 கோடி ரூபாய் வசூலிக்கலாம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்திடம் சொன்னது. பணம் தேவைதான். வலை போன மீனவருக்கு அறவுரையால் பயனில்லை. ஆனால் விபத்து நாளுக்குத்தான் அளவீடும் தொகையும் தலைப்புச் செய்தியும் உண்டு. விபத்து இல்லாத சாதாரண நாளில் ஒருவர் இழுக்கும் மூச்சுக்கு அப்படி எதுவும் கிடையாது. இன்ஹேலர் வாங்கும் செலவு குடும்பக் கணக்கில் சேர்கிறது. எந்த ஆலையின் வரவுசெலவிலும் சேர்வதில்லை.

சாதாரண நாளுக்கு ஈடு கேட்டால், 'எந்தப் புகைபோக்கி உனக்கு நோய் தந்தது, நிரூபி' என்பார்கள். பத்து ஆலைகள் சூழ்ந்த இடத்தில் அதை யாராலும் நிரூபிக்க முடியாது. இதே முட்டுச்சுவரை ஜப்பானின் யொக்காய்ச்சி நகரம் அரை நூற்றாண்டுக்கு முன்பே சந்தித்தது. அதுவும் துறைமுகமும் எண்ணெய் ஆலைகளும் சேர்ந்த வட்டாரம். அங்கும் முதலில் மூச்சுத்திணறியது இசோசு என்ற மீனவர் குடியிருப்பு. ஒன்பது நோயாளிகள் 1967இல் ஆறு நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள். 1972 ஜூலை 24 அன்று வந்த தீர்ப்பு, ஆறு நிறுவனங்களும் கூட்டாகப் பொறுப்பு என்றது. எவருடைய புகை எவருடைய மார்பில் புகுந்தது என்று தனித்தனியே காட்ட வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஆண்டே அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது. ஆலைகள் வெளிவிடும் கந்தக டை ஆக்சைடின் அளவுக்கேற்பக் கட்டணம் வாங்கி, மாசால் நோயுற்றவர்களின் மருத்துவச் செலவையும் இழப்பீட்டையும் அதிலிருந்து கொடுத்தது. ஜப்பானின் தொழில் வளர்ச்சி அதனால் நின்றுவிடவில்லை.

இந்தியச் சட்டமும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. பாலாற்றுப் படுகையைப் பாழாக்கிய தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வேலூர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். தன் செயலால் சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. தமிழ்நாட்டு மண்ணில் எழுந்த வழக்கில் உறுதியான கொள்கை இது. எண்ணூரில் நடைமுறை இதற்கு நேர்மாறாக, மூச்சிரைப்பவரிடம்தான் இன்னும் சான்று கேட்கிறது.

கந்தகத்தைப் பற்றிய தேசிய விவாதத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். அனல் மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு விதித்த அறிவிக்கை 2015 டிசம்பரில் வந்தது. இரண்டு ஆண்டுக் கெடு. அந்தக் கெடு 2017, 2021, 2022, 2024 என்று அடுத்தடுத்துத் தள்ளிவைக்கப்பட்டது. 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு எஃப்.ஜி.டி. எனப்படும் கந்தக நீக்கக் கருவியே கட்டாயமில்லை என்றது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, கருவியின் விலை அதிகம், யூனிட்டுக்கு 25 முதல் 30 காசு வரை மிச்சமாகும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். காற்றில் கலந்த கந்தகம் வாயுவாகவே நின்றுவிடாமல் நுண்துகளாக மாறி நுரையீரலின் ஆழம்வரை போகிறது என்பது எதிர்த்தரப்பு மருத்துவர்களின் வாதம்.

மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டிய நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு விலக்கு இல்லை. சென்னையின் விளிம்பில் இருப்பதால் எண்ணூர்ப் பகுதிக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது. புகை மனிதருக்குக் கேடு என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு இந்த விதி சாட்சி. அதே விதி நெய்வேலி, மேட்டூர் போன்ற ஊர்களை இந்த வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. காப்பாற்றப்படத் தகுதி பெற ஓர் ஊர் எத்தனை பேர் கொண்டதாக இருக்க வேண்டும்? ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு நகர்ந்த சுமை, இப்போது எண்ணூரிலிருந்து இன்னும் குரல் குறைந்த ஊர்களுக்கு நகரும் வழி இது.

வேலைவாய்ப்பு என்ற பதிலும் உண்டு. அதில் உண்மையும் உண்டு. அசோக் லேலண்டும் ராயல் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் திருவொற்றியூர், எண்ணூர்க் குடும்பங்களின் இரண்டு மூன்று தலைமுறைகளைப் படிக்கவைத்தன. ஆனால் புதிய மின் நிலையங்களின் கட்டுமானத்தில் சாரத்தின் மேல் ஏறுபவர்களில் பலர் வடகிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையப் பணியில் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்கள் அசாமைச் சேர்ந்தவர்கள். கழிமுகத்தில் இறாலை இழந்தவரும் சாரத்திலிருந்து விழுந்தவரும் ஒரே மின்சாரத்துக்கான விலையைத்தான் கொடுத்தார்கள்.

மின்சாரம் வேண்டாம் என்பது இதற்கெல்லாம் தீர்வாகாது. ஆனால் மூன்று கடமைகளைத் தட்டிக்கழிக்க அரசுக்கு நியாயம் இல்லை. எண்ணூர், மணலி வட்டாரத்தை ஆலை ஆலையாகப் பிரித்துப் பார்க்காமல், அங்கே மொத்தமாகச் சேரும் மாசை அளந்து, அதற்கு ஓர் உச்சவரம்பு விதிக்காமல் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்கோ காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கோ அனுமதி தரக் கூடாது. கருத்துக்கேட்பில் எழும் ஒவ்வொரு மறுப்புக்கும் எழுத்தில் பதில் வேண்டும். பதில் இல்லாத திட்டம் நிற்க வேண்டும். புகையின் அளவுக்கேற்ப ஆலைகளிடம் கட்டணம் பெற்று, விபத்து நாளுக்காகக் காத்திராமல், அங்கு வாழ்பவர்களின் மூச்சுக்குழாய் நோய்களுக்குச் சிகிச்சை தரும் நிரந்தர நிதி வேண்டும். இவை வடசென்னை மக்கள் கெஞ்சிப் பெற வேண்டிய சலுகைகள் அல்ல. மலிவு மின்சாரம் வாங்கும் ஒவ்வொரு வீடும் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன். சென்னையை ஒட்டிய நிலையங்கள் கந்தக நீக்கக் கருவியைப் பொருத்தி முடிக்க இப்போது குறிக்கப்பட்டுள்ள கெடு, 2027 டிசம்பர் இறுதி. முதல் கெடு முடிந்து அப்போது சரியாகப் பத்து ஆண்டுகள் ஆகியிருக்கும்.