போதுமான காந்தம்

'ஏழைக்கு இது போதும்' என்று யாராவது சொன்னால் நமக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. வரத்தான் வேண்டும். தர்மாஸ்பத்திரியின் தண்ணீர் மருந்து முதல் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் ஒற்றை வாத்தியார் வரை எத்தனையோ அநீதிகள் அந்தப் 'போதும்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்து வாழ்ந்திருக்கின்றன. ஆகவே, இருதயத்தைப் படம் பிடிக்கும் காந்த யந்திரங்களில் சக்தி குறைந்த, செலவும் குறைந்த ஒரு ரகம் வந்திருக்கிறது என்றதும், இதுவும் அந்தப் பழைய 'போதும்' தானோ என்ற சந்தேகம் எழுவது நியாயமே.

பெரிய ஆஸ்பத்திரிகளில் உள்ள யந்திரங்களின் காந்த பலம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலைய ஆராய்ச்சியாளர்கள் ஒரு 1.5 டெஸ்லா யந்திரத்தை 0.55-க்கு இறக்கி, இருதயத்தையும் நுரையீரலையும் அதில் பார்த்து, 2019-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 0.55 அற்பமில்லை, பூமியின் காந்தத்தைப்போல் சுமார் 10,000 மடங்கு. இருந்தாலும் படம் சற்று மங்கித்தான் வரும். அதை மறைப்பானேன்?

ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். தலசீமியா என்பது பரம்பரை ரத்த நோய். கடுமையாகப் பீடிக்கப்பட்ட குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒரு முறை பிறர் ரத்தம் ஏற்றியே ஆகவேண்டும். ஒரு பை ரத்தத்தில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு. மிஞ்சும் இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழி தெரியாது. உயிர் கொடுக்கும் ரத்தமே வருஷக்கணக்கில் இருதயத்தில் இரும்பைச் சேர்த்து அதைக் கொல்லப் பார்க்கிறது. (நான் இதைக் கதையில் எழுதியிருந்தால் 'மிகை' என்று வாசகர்கள் கடிதம் போட்டிருப்பார்கள்.)

ரத்தத்தையோ ஈரலையோ சோதித்து இருதயத்து இரும்பை நம்பகமாகக் கணிக்க முடியாது, காந்த யந்திரத்தால் முடியும் என்று 2001-ல் லண்டன் டாக்டர்கள் காட்டினார்கள். ஊசி வழியே எந்த மருந்தும் ஏற்றவேண்டியதில்லை. இரும்பே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. ரேடியோ அலையால் தட்டியெழுப்பிய தசை ஒரு பதில் குரல் கொடுத்து ஓய்கிறது. இரும்பு மிகுந்தால் அந்தக் குரல் சீக்கிரம் அடங்கும். அடங்கும் வேகத்தைச் சொல்லும் கால அளவு, 1.5 டெஸ்லாவில் 20 மில்லி செகண்டுக்குக் கீழே போனால் இருதயத்தில் இரும்பு சேர்ந்திருக்கிறது. 10-க்குக் கீழே போனால் இருதயம் செயலிழக்கும் ஆபத்து நெருங்கிவிட்டது. காலத்தில் தெரிந்தால், இரும்பை வெளியேற்றும் மருந்தைத் தீவிரப்படுத்திக் காப்பாற்றிவிடலாம்.

அந்தக் குழந்தையின் தாய்க்கு வேண்டியது அழகான படமா? நம்பத்தகுந்த ஓர் எண். அதைச் சின்ன யந்திரம் தருமானால், அதைத் தாழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் இங்கேதான் விஷயம் இருக்கிறது. காந்தம் குறைந்தால் இரும்பின் செல்வாக்கும் குறைகிறது. அதே இருதயத்தின் குரல் மெதுவாக அடங்குகிறது. பெரிய யந்திரத்தின் 20-ஐ அப்படியே சின்ன யந்திரத்துக்கும் வைத்துக்கொண்டால், இரும்பேறிய இருதயம்கூடச் சுகமானதாகத் தோன்றும்! சின்ன யந்திரத்துக்கென்று தனியே, நல்ல இருதயங்களையும் நோயுற்ற இருதயங்களையும் அளந்து ஒரு கணக்கு ஏற்படுத்தவேண்டும். பொறுமையும் பணமும் கேட்கும் வேலை அது. மலிவான சாமானை அனுப்பிவிட்டு இந்த உழைப்பை மிச்சம் பிடிப்பார்களே, அதுதான் எனக்குப் பயம். யந்திரம் சிறியதாக இருப்பதில் அநியாயம் ஒன்றுமில்லை.

இன்னொன்று. தசையில் விழுந்த சின்னத் தழும்பைத் தெளிவாகக் காண இன்றும் கடோலினியம் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அவ்வகை மருந்துகளில் சிலவற்றால் தோல் இறுகும் கொடிய நோய் வரலாம் என்பது 2006-ல் தெரியவந்தது. அவர்களுக்கு ஊசியில்லாத சோதனை பெரும் நன்மை. ஆனால் ஊசியில்லாமல் பார்த்த டாக்டர், 'தழும்பு தென்படவில்லை' என்று எழுதலாமே தவிர, 'தழும்பு இல்லை' என்று எழுதலாகாது. தேவையானால் பெரிய யந்திரம் உள்ள ஊருக்கு அனுப்பிவைக்கவேண்டும். அந்தப் பஸ் சார்ஜை யார் கொடுப்பது என்பதையும், யந்திரத்துக்கு விலை பேசும் அன்றே பேசி முடித்துவிடவேண்டும்.