துருப்பிடித்த தகடும் ‘அதே’ என்னும் சொல்லும்

ஒரு பொருளின் உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பின்னும் அதனை ‘அதே பொருள்’ என்று அழைக்கலாமா என்னும் வினா மெய்யியலில் மிகப் பழையது. ஆனால் அவ்வினாவுக்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள் பழுதுபார்த்தலோடு நின்றுவிடுகின்றன. கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் குறிப்பிடும் தீசியசின் கப்பலில், மட்கிய பலகை நீக்கப்பட்ட இடத்தில் புதிய பலகை பொருத்தப்படுகிறது. கப்பலின் வடிவமோ பழையபடியே இருக்கிறது. பொருள் மாற, வடிவம் நிலைப்பதே அங்குள்ள சிக்கல். பொருளில் ஒரு பகுதி மட்டும் எஞ்சி, வடிவமும் இயக்கமும் வேண்டுமென்றே மாற்றப்படும்போது எழும் சிக்கல் இதனினும் கடினமானது. அதனை ஆராய்வதற்கு, ஹாட் ராட் என்னும் அமெரிக்கக் கைவினையைப் போலப் பொருத்தமான களம் அரிது.

பழைய காரின் உடற்கூட்டை எடுத்துக்கொண்டு, வேகத்துக்குத் தேவையற்றவற்றைக் களைந்து, ஆற்றல் மிகுந்த எஞ்சினைப் பொருத்தி, உயரத்தையும் குறைத்து மீண்டும் கட்டப்படும் வண்டியே ஹாட் ராட். தென் கலிஃபோர்னியாவில் மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வண்டிகளை விரட்டி நேரம் கணித்த இளைஞர்களிடம் 1930களில் இக்கலை உருப்பெற்றது; அவர்களுடைய மன்றங்கள் 1937இல் ஒன்றிணைந்து ஒரு சங்கமாயின. அவர்கள் பெரிதும் விரும்பிய வண்டி, ‘டியூஸ்’ என்னும் செல்லப்பெயர் பெற்ற 1932ஆம் ஆண்டின் ஃபோர்டு ஆகும். 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் உடைய வி-8 எஞ்சினை எளிய விலைக்குள் கொண்டுவந்த வண்டி அது.

இக்கைவினை துருவிலிருந்து தொடங்குவதால், துரு யாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இரும்பு நீரோடும் உயிர்வளியோடும் சேர்ந்து ஆக்சைடாக மாறுவதே துரு. அது தான் பிறந்த இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துப் பொருக்குப் பொருக்காக உதிர்வதால், அடியில் இருக்கும் இரும்பு மேலும் மேலும் வெளிப்பட்டு அரிக்கப்படுகிறது. மண்ணிலிருந்து எடுக்கப்படும் இரும்புத் தாதுவும் பெரும்பாலும் ஆக்சைடே. உலையின் வெப்பத்தாலும் கரியாலும் அதிலிருந்து பிரிக்கப்பட்ட உலோகம், ஈரத்தில் கைவிடப்பட்டதும் ஏறத்தாழ அந்நிலைக்கே திரும்புகிறது. ஆகவே, கொட்டகையில் பல பத்தாண்டுகள் கிடந்து, கதவுகளின் அடிவிளிம்பும் தரைத்தகடும் கரைந்துபோன ஒரு காரைக் கண்டு அது அழிந்துவிட்டதென்று சொல்லும்போது, உண்மையில் அழிந்தது இரும்பின்மேல் மனிதர் ஏற்றிய வடிவம் மட்டுமே. துருவை நீக்கத் துணிபவர் இயற்கையின் போக்கை மறித்து, ஓர் எண்ணத்தை மீட்க முனைகிறார். அது தொழிற்சாலை 1932இல் கொண்டிருந்த எண்ணமா, அவருடையதேயா என்பதில்தான் வழக்கு எழுகிறது.

பட்டறையில் நிகழ்வதைச் சற்று நின்று நோக்குவது தகும். வண்ணம் உரிக்கப்பட்டு, துகள்கள் காற்றழுத்தத்தால் வீசப்பட்டு, தகடு வெறுமையாக்கப்படும்போது, நல்ல இரும்புக்கும் கெட்ட இரும்புக்கும் இடையில் முன்பே வரையப்பட்ட எல்லை ஏதும் இல்லை என்பது புலனாகிறது. குழிவிழுந்த பகுதியை வைத்துக்கொள்வதா வெட்டி எறிவதா என்பதைத் தட்டிப் பார்க்கும் கையும் கூர்ந்து கேட்கும் செவியுமே முடிவு செய்கின்றன. வெட்டப்பட்ட இடத்தில் புதிய தகடு விளிம்போடு விளிம்பாகப் பற்றவைக்கப்படுகிறது. வெப்பம் ஆறும்போது இணைப்பு சுருங்கிச் சுற்றியுள்ள தகட்டை நெளியச் செய்வதால், இடைவெளி விட்டுச் சிறுசிறு புள்ளிகளாகப் பற்றவைத்து, பின்புறம் இரும்புக் கட்டையைக் கொடுத்து முன்புறம் சுத்தியால் தட்டி, சுருங்கியதை மீண்டும் விரிக்க வேண்டியிருக்கிறது. தமிழகப் பட்டறைகள் டிங்கரிங் என்று வழங்கும் வேலையின் நுட்பமான வடிவம் இது. இதன் பின்னரே மாற்றுருவாக்கம் தொடங்குகிறது. கூரைத் தூண்களை வெட்டிச் சில அங்குலங்களை நீக்கிக் கூரையைத் தாழ்த்துவது சாப்பிங் எனப்படும். உடற்கூட்டின் தரையை வெட்டி, சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தின்மேல் அமராமல் அதனைத் தழுவி இறங்கச் செய்வது சேனலிங் எனப்படும். தூண்கள் உட்சாய்ந்த வண்டியில் நடுத்துண்டை நீக்கினால் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் நேர்நிற்பதில்லை. தூணைச் சாய்க்கவோ கூரையையே பிளந்து அகலப்படுத்தவோ நேர்கிறது. ஓரிடத்து வெட்டு கண்ணாடியையும் கதவின் மேற்சட்டத்தையும் தேடிச் செல்வதைக் காண்பவருக்கு, ‘முழுமை’ என்பது உறுப்புகளின் கூட்டுத்தொகைக்கு மேற்பட்ட ஏதோ ஒன்று என்னும் ஐயம் எழுவது இயல்பே.

பௌத்தம் அவ்வையத்தை மறுக்கிறது. பாலி மொழியிலுள்ள மிலிந்தபன்ஹாவில், தேரேறி வந்த மிலிந்த மன்னனிடம் நாகசேனர் என்னும் துறவி, அச்சு தேராகுமா, சக்கரம் தேராகுமா என்று ஒவ்வோர் உறுப்பாக வினவி, தேர் என்பது உறுப்புகளின் சேர்க்கையைச் சார்ந்து வழங்கும் பெயரே என்று நிறுவுகிறார். பட்டறைத் தரையில் கழற்றிப் பரப்பப்பட்ட ஃபோர்டைக் காண்பவர் இவ்வாதத்தின் வலிமையை மறுக்க இயலாது. எனினும், உடற்கூட்டின்மேல் முதல் வெட்டு விழும்போது ஒருவர் துயருறுவதும் மற்றொருவர் மகிழ்வதும் ஏன் என்பதற்கு, பெயர் மாறிற்று என்னும் விடை போதவில்லை.

போதுமான விடை சமணத்திடம் உண்டு. உள்பொருள் எதுவாயினும் தோற்றம், கேடு, நிலைபேறு ஆகிய மூன்றையும் ஒருங்கே உடையது என்பது உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் கூறும் கொள்கை. மரபு காஞ்சிபுரத்தோடு தொடர்புபடுத்தும் சமந்தபத்திரர், ஆப்தமீமாம்சை என்னும் நூலில் இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறார். பொற்குடம் ஒன்று உருக்கப்பட்டு முடியாக்கப்படும்போது, குடத்தை விரும்பியவன் வருந்துகிறான், முடியை விரும்பியவன் மகிழ்கிறான், பொன்னையே விரும்பியவன் நடுநிலையில் நிற்கிறான். மூவருடைய மனநிலைக்கும் காரணம் பொருளிலேயே உள்ளது. இவ்விறுதிக் கூற்றே இங்கு முதன்மையானது. 1932இன் வண்டியை அவ்வாண்டின் நிலைக்கே மீட்க விரும்புவோர், கூரை தாழ்த்தப்பட்ட உடலைக் கண்டு கொள்ளும் துயர் வெறும் பழமைப்பற்று அன்று. ஒன்று மெய்யாகவே அழிந்திருக்கிறது. அதனைக் கட்டியவரின் மகிழ்ச்சியும் ஆணவம் அன்று. ஒன்று மெய்யாகவே பிறந்திருக்கிறது. முழுமையாகவும் நலமாகவும் எஞ்சிய வண்டியை வெட்டுவது இக்காரணத்தாலேயே பெரும் இழப்பாகிறது. குடம் முன்பே நசுங்கி ஓட்டையாகிக் கிடக்கையில், அதனை முடியாக்குபவர்மேல் அதே குற்றத்தைச் சுமத்துவது முறையாகாது.

ஆயினும் பொன்னுக்கும் தகட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பொன் முழுவதும் முடிக்குள் செல்கிறது. தகடோ பாதி துருவாக உதிர்ந்து, பாதி வெட்டி எறியப்பட்டு, எஞ்சியது புதிய இரும்போடு கலக்கிறது. அவ்வாறாயின் நிலைத்திருப்பது எது? இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 1990இல் இவ்வினாவையே எதிர்கொண்டது. 1929இலும் 1930இலும் லெ மான் பந்தயத்தை வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்னும் பென்ட்லி, பின்னர் பந்தயத்துக்காகவும் விபத்துக்குப் பின்னும் மீண்டும் மீண்டும் கட்டப்பட்டு, எஞ்சினும் உடற்கூடும் மாறி, வென்ற நாளின் பொருள்களில் மிகச் சிலவே எஞ்சிய நிலையில் விற்பனைக்கு வந்தது; விலை பேசியபின், இது அந்த வண்டியே அன்று என்று வாங்க முன்வந்தவர் தரப்பு வாதிட்டது. வண்டியின் வரலாறு எங்கும் அறுபடாமல் தொடர்ந்தமையையும், அப்பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறொரு வண்டி இல்லாமையையும் கருதி, அது ஓல்டு நம்பர் ஒன்னே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

போட்டியாக வேறொன்று இல்லாமை என்னும் இந்நிபந்தனை, ஆங்கில மெய்யியலர் தாமஸ் ஹாப்ஸ் 1655இல் எழுப்பிய ஒரு வினாவை நினைவூட்டுகிறது: தீசியசின் கப்பலிலிருந்து நீக்கப்பட்ட பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து மற்றொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது உண்மையான கப்பல்? ஹாட் ராட் உலகில் இது கற்பனை அன்று. 1932ஆம் ஆண்டின் வடிவிலேயே புதிய எஃகுத் தகட்டால் செய்யப்பட்ட உடற்கூடுகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. பழைய சேசிஸ் ஒரு பட்டறைக்கும் அதன் துருப்பிடித்த உடற்கூடு மற்றொன்றுக்கும் சென்று, இரண்டிலிருந்தும் இரண்டு ‘1932 ஃபோர்டுகள்’ எழ இடமுண்டு. கலிஃபோர்னிய மாநிலமோ இவ்வாறு புதிதாகக் கட்டப்படும் வண்டிகளில் ஆண்டுக்கு 500 வண்டிகளுக்கு மட்டும், அவை தோற்றத்தில் ஒத்திருக்கும் ஆண்டைக் கொண்டு புகைச் சோதனையைத் தீர்மானிக்கும் வழியை அளித்துள்ளது. நிருவாகத்துக்கு ஒப்புமை போதும், மெய்ம்மைக்குப் போதாது.

புதிய உடற்கூடு குறைபாடற்றது, நேர்த்தியானது, பல வகையிலும் வலிமையானது. அதனைக் கொண்டு கட்டுபவரைக் குறைகூறக் காரணமில்லை. எனினும் அது கட்டுபவரிடம் எதனையும் கேட்பதில்லை. துருப்பிடித்த உடற்கூடோ ஒவ்வோர் அடியிலும் நிபந்தனை விதிக்கிறது: முன்னொருவர் செய்த வளைந்த ஒட்டு, அதற்கு முந்தையவர் உருக்கி நிரப்பிய ஈயம், யாரோ துளைத்துக் கைவிட்ட ஆணித்துளை ஆகியவற்றுக்கு விடை சொல்லாமல் அடுத்த வெட்டைச் செய்ய இயலாது. அறுபடாத வரலாறு என்று நீதிமன்றம் கண்டதன் உள்ளீடு இதுவே எனலாம். ஒவ்வொரு நிலையும் தனக்கு முந்தைய நிலையைக் காரணமாகக் கொண்டே அமையுமாயின், பொருள் குறைந்தாலும் வடிவம் மாறினாலும் ‘அதே’ என்னும் சொல் பொய்யாவதில்லை. முந்தைய நிலை பொருட்படுத்தப்படாதபோது, எண்ணிட்ட ஒரு துண்டைப் புதிய கூட்டில் ஒட்டிவைப்பதால் அச்சொல் மெய்யாவதுமில்லை. பௌத்தரும் சமணரும் நெடுங்காலம் வழக்காடிய இவ்வினா, நீலகேசி என்னும் சமணக் காப்பியத்தின் வழியே தமிழிலும் வாதிடப்பட்டது. அவ்வழக்கில் சமணத் தரப்பின் பக்கம் ஹாட் ராட் சாட்சி சொல்கிறது எனக் கொள்வது மிகையாகாது.

வண்ணம் பூசி முடித்த வண்டியிலும் அச்சாட்சியம் மறைவதில்லை. கதவின் உட்புறத்தில், பூச்சு எட்டாத பற்றவைப்பின் முதுகில், காப்பு எரிந்துபோன மெல்லிய கோட்டில் ஈரம் தங்கி, துரு மீண்டும் அங்கிருந்தே தொடங்கும். பல ஆண்டுகளுக்குப் பின் அக்கதவைத் திறந்து பார்க்கும் மற்றொருவர், பழைய தகடு எங்கு முடிந்தது, ஒட்டு எங்குத் தொடங்கியது என்பதை அக்கோட்டைக் கொண்டே அறிந்து, தம் சுத்தியை எடுப்பார்.