பணியும் பாலீர்ப்பும்: தெரிந்துவினையாடலின் எல்லை குறித்த ஓர் அறவியல் நோக்கு

ஒருவரைப் பணியில் அமர்த்துவோர் அவரைப் பற்றி எவ்வளவு அறிந்துகொள்ளலாம் என்னும் வினா அரசியல் நூல்களுக்குப் புதிதன்று. திருக்குறள் பொருட்பாலில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் இரு அதிகாரங்கள் (51, 52) அடுத்தடுத்து அமைந்துள்ளன. முன்னது ஆளைத் தேர்வது. பின்னது தேர்ந்த ஆளை அவருக்குரிய வினையில் வைத்து ஆளுவது. பாலீர்ப்பைக் காரணமாகக் கொண்டு பணியிடத்தில் காட்டப்படும் வேற்றுமையைத் தடுக்கும் சட்டங்கள் எவ்வறத்தின்மேல் நிற்கின்றன என்பதை இவ்விரு அதிகாரங்களின் துணைகொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

முதற்கண் சொல்லாட்சி குறித்து ஒரு தெளிவு வேண்டும். தமிழில் நெடுங்காலம் வழங்கிய 'ஓரினச்சேர்க்கை' என்னும் சொல் ஒரு செயலைக் குறிப்பது. 'பாலீர்ப்பு' என்பது ஒருவருடைய இயல்பைக் குறிப்பது. செயலைப் பெயராக்கினால் தண்டனைச் சட்டம் நினைவுக்கு வரும். இயல்பைப் பெயராக்கினால் சமத்துவச் சட்டம் நினைவுக்கு வரும். சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் முதல் பிறப்பித்துவந்த ஆணைகளின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022இல் இத்துறைக்குரிய சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. சொல்லாய்வை வெற்று இலக்கணப் பயிற்சி என்று கருதுவோர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

இச்சட்டங்களை மறுப்போரின் வாதங்களுள் வலிமை மிக்கது திருக்குறளிலிருந்தே எடுத்துக்காட்டத்தக்கது. தெரிந்துதெளிதல் அதிகாரத்தின் முதற்குறள் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகிய நான்கின் வழியாக ஒருவரைச் சோதித்துத் தெளிய வேண்டும் என்கிறது. இன்பமும் சோதனைக்குரியதாயின், பணியாளரின் அகவாழ்வை ஆராய்வது முதலாளியின் கடமையே ஆகாதா?

விடையைப் பரிமேலழகர் உரையில் காணலாம். கௌடிலியத்திலும் காணப்படும் உபதை என்னும் சோதனை முறையைக் கொண்டு அவர் இக்குறளை விளக்குகிறார். இன்ப உபதை என்பது அரண்மனை மகளிருள் ஒருத்தி விரும்புகிறாள் என்று ஒரு முதுமகளைக் கொண்டு அமைச்சனுக்குச் சொல்லி அனுப்புவது. அவன் இசைந்தால் தன்னை நம்பிய அரசனுக்குத் துரோகம் செய்யத் துணிந்தவன் ஆகிறான். நான்கு உபதைகளும் இவ்வகையினவே. அவன் எத்தகைய இன்பத்தை விழைகிறான் என்பது அங்கு வினாவே அன்று. விழைந்த இன்பத்துக்காகத் தன் பொறுப்பை விற்பானா என்பதே வினா. இவ்வேறுபாட்டைக் காணத் தவறினால் குறள் ஒற்றாடலுக்கு உரிமம் வழங்கியதாக முடியும்.

இத்தவற்றை ஒரு வல்லரசே பல ஆண்டுகள் செய்தது. 1953 ஏப்ரலில் அமெரிக்கக் குடியரசுத்தலைவர் ஐசனோவர் பிறப்பித்த 10450ஆம் எண் நிர்வாக ஆணை, பாதுகாப்பைக் கருதிக் கூட்டரசுப் பணியாளர்களை ஆராயும்போது பாலியல் பிறழ்ச்சியையும் கணக்கில் கொள்ளச் சொன்னது. தன்பாலீர்ப்புடையோரை எதிரி நாட்டு ஒற்றர்கள் மிரட்டிப் பணியவைக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் முதன்மையானது. இது உயிரச்ச உபதையின் மறுவடிவம் போலத் தோன்றும். ஆயின் அவ்வச்சம் எங்கிருந்து வந்தது? தெரிந்தால் வேலை போகும் என்பதனால்தானே மிரட்ட முடிந்தது? தண்டனையே அச்சத்தை விளைவித்தது. விளைந்த அச்சம் தண்டனைக்கு நியாயம் ஆயிற்று. தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் இத்தகைய வாதம் தருக்கநூலார் எள்ளத்தக்கது. ஆயினும் வானியலாளர் பிராங்க் கேமனி 1957இல் தரைப்படை வரைபடப் பணியகத்திலிருந்து நீக்கப்பட்டபோது இவ்வாதத்தின்முன் அவருடைய ஆர்வர்டு முனைவர் பட்டம் எடுபடவில்லை. அவர் முறையீட்டை 1961இல் உச்சநீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கவில்லை. 2009இல்தான் அரசு அவரிடம் முறைப்படி வருத்தம் தெரிவித்தது.

மாற்றம் தொடங்கியது ஓர் எளிய கேள்வியிலிருந்து. 1969இல் நார்ட்டன் எதிர் மேசி வழக்கில் வாசிங்டன் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், பணியாளரின் தனிவாழ்வுச் செயலுக்கும் பணித்திறத்துக்கும் இடையே தொடர்பு காட்டப்படாமல் அவரை நீக்கலாகாது என்றது. நீக்கப்பட்டவர் நாசா நிறுவனத்தில் வரவுசெலவு ஆய்வாளர். அவர் பணியில் குறை காணப்படவில்லை. 1975இல் குடிமைப் பணி ஆணையம் அரசு வேலைக்கான பொதுத் தடையைக் கைவிட்டது. வினைக்கும் வினைசெய்வானுக்கும் உள்ள பொருத்தத்தையே அளவுகோலாக்கும் தெரிந்துவினையாடல் அதிகாரத்தின் அடிப்படையும் இதுவே.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பணியாளரிடம் குறை இல்லாவிடினும், உடன்பணியாற்றுவோரும் வாடிக்கையாளரும் வெறுத்தால் நிறுவனத்தின் பெயர் கெடும். அதுவே வினையோடு உள்ள தொடர்பு என்பர். இந்தியச் சூழலில் இம்மறுப்பை எடைபோடுவது கடினமன்று. பள்ளிச் சத்துணவுக் கூடங்களில் தலித் பெண்கள் சமைத்தபோது பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை உண்ணவிடாமல் தடுத்த நிகழ்வுகள் பல மாநிலங்களில் நேர்ந்துள்ளன. அவ்வெறுப்பைச் சமையல் திறத்தின் குறையாக எண்ணுவது அரசமைப்பின் 17ஆம் உறுப்பையே மறுப்பதாகும். பிறருடைய வெறுப்பை ஒருவருடைய தகுதிக்குறையாகக் கணக்கில் ஏற்றுதல் கணக்கியலிலும் பிழை, அறத்திலும் பிழை.

முதலாளியின் ஒப்பந்த உரிமை பற்றிய வாதமும் எழுப்பப்படுவதுண்டு. சாதி, சமயம், பால் ஆகியவற்றின் பொருட்டு அவ்வுரிமை முன்பே வரையறுக்கப்பட்டுவிட்டதால் அது கொள்கை அளவில் வலுவிழந்தது. சமய நிறுவனங்களின் மனச்சான்று குறித்த வாதம் அத்தகையதன்று. வழிபாட்டை நடத்துவோரைத் தேரும் உரிமையும் அந்நிறுவனத்தின் மருத்துவமனைக்குக் கணக்கரைத் தேரும் உரிமையும் ஒன்றல்ல என்ற அளவில் அது தனியே ஆராயத்தக்கது.

சட்டம் இயற்றும் வழியும் இடர் மிக்கது. அமெரிக்காவில் விசுகான்சின் மாநிலம் 1982இலேயே இத்தகைய சட்டம் கொண்டுவந்தது. நாடு முழுமைக்குமான மசோதா 1996இல் செனட்டில் 49க்கு 50 என ஒரே வாக்கில் தோற்றது. 2013இல் 64க்கு 32 என அங்கு வென்றும் கீழவையில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. இறுதியில் 2020 ஜூன் 15 அன்று போசுட்டாக் எதிர் கிளேட்டன் வட்டாரம் வழக்கில் உச்சநீதிமன்றம், 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் 'பால்' என்னும் ஒரு சொல்லே போதும் என 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நீதிபதி நீல் கோர்சச்சின் வாதம் சுருக்கமானது: ஆணை விரும்பும் ஆணை நீக்கி, ஆணை விரும்பும் பெண்ணை வைத்துக்கொள்ளும் முதலாளி, பாலைக் கருதாமல் அதனைச் செய்ய இயலாது. 1964இல் அச்சொல்லை எழுதியோர் இப்பொருளை நினைத்திருக்க மாட்டார்கள் என்பது உண்மையே. நூலாசிரியனின் நினைப்பு பெரிதா, நூலின் சொல் பெரிதா என உரையாசிரியர்களோடு பழகியவர்களுக்கு இவ்வழக்கு அயலாகத் தோன்றாது.

இந்தியாவிலும் 'பால்' என்னும் சொல்லே திறவுகோலாயிற்று. 15ஆம் உறுப்பிலுள்ள அச்சொல் பாலீர்ப்பையும் அடக்கும் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2009 ஜூலையில் நாசு அறக்கட்டளை வழக்கில் கூறியது. 2013 டிசம்பரில் அத்தீர்ப்பை மாற்றிய உச்சநீதிமன்றம், 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோகர் வழக்கில் ஒத்த மனத்தோடு வயதுவந்தோர் கொள்ளும் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. ஆயினும் 15(1), 16 ஆகிய உறுப்புகள் அரசையே கட்டுப்படுத்துவன. தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்துவன அல்ல. தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசமைப்போ பாலீர்ப்பைப் பெயர் சுட்டிக் கூறுவதோடு, தனியாரும் வேற்றுமை காட்டலாகாது என்று 9ஆம் பிரிவிலேயே விதித்தது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும், 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமும், 2019ஆம் ஆண்டு திருநர் சட்டமும் தனியார் பணியிடத்தையும் தொடும் விதிகளோடு இயற்றப்பட்டன. இம்மூன்றனுள் எதுவும் பாலீர்ப்பைப் பெயர் சுட்டவில்லை. பாலீர்ப்பையும் உள்ளடக்கி மக்களவையில் சசி தரூர் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

அரசு சார்ந்த நிறுவனத்திலும் காப்பு எவ்வளவு மெல்லியது என்பதற்கு அலிகர் முசுலிம் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமச்சந்திர சிராசின் வழக்கு சான்று. தமிழும் கற்பிக்கப்படும் தற்கால இந்திய மொழிகள் துறையில் அவர் மராத்திப் பேராசிரியர், கவிஞர். 2010 பிப்ரவரியில் அவர் இல்லத்துள் அத்துமீறி நுழைந்தோர் எடுத்த ஒளிப்பதிவைத் தொடர்ந்து அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. குற்றச்சாட்டு அவருடைய கற்பித்தலைப் பற்றியதன்று. ஏப்ரல் 1 அன்று அலகாபாது உயர்நீதிமன்றம் அப்பணிநீக்கத்தை நிறுத்திவைத்தது. ஏப்ரல் 7 அன்று அவர் தம் இருப்பிடத்தில் இறந்து கிடந்தார். நீதிமன்றம் காத்தது அவருடைய பணியை. பூட்டிய கதவுக்கு உட்பட்ட வாழ்வு ஊரறியப் பரப்பப்பட்டதை எந்த ஆணையும் திருப்பிப் பெறவில்லை.

இங்குதான் இச்சட்டங்களின் உள்முரண் வெளிப்படுகிறது. காப்பைக் கோர வேண்டுமாயின் பணியாளர் தம் இயல்பை வெளியிட வேண்டும். வெளியிட்டால் காப்புக்கு அப்பாற்பட்ட இழப்புகள் நேரும். குடும்பமும் வாடகை வீடும் ஊரும் சட்டத்தின் எல்லைக்குள் வருவன அல்ல. முதலாளியோ உண்மைக் காரணத்தை எழுதித் தருவதில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, அல்லது இடமாற்றம் வரும். ஆகவே யார் மெய்ப்பிக்க வேண்டும் என்பது நடைமுறை நுணுக்கம் மட்டுமன்று, அறவினாவும் ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000/78 எண் வழிகாட்டு நெறி, வேற்றுமை காட்டப்பட்டது எனக் கருதத்தக்க செய்திகள் முன்வைக்கப்பட்டால் மறுத்து மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்பினுடையது என்கிறது. ருமேனியாவில் ஒரு கால்பந்துக் கழகத்தின் ஆட்சியாளராகத் தம்மைக் காட்டிக்கொண்டவர் தன்பாலீர்ப்புடைய ஆட்டக்காரரை ஒருபோதும் சேர்க்க மாட்டோம் என ஊடகங்களில் பேசினார். வழக்கில் பாதிக்கப்பட்டவர் என எவரும் இல்லை. ஓர் அமைப்பே முறையிட்டது. 2013 ஏப்ரலில் தீர்ப்பளித்த ஐரோப்பிய நீதிமன்றம் அப்பேச்சே வேற்றுமைக்கான முதற்சான்றாகலாம் என்றதோடு, மறுப்பதற்காகத் தம் ஆட்டக்காரர் எவரேனும் தன்பாலீர்ப்புடையவர் எனக் கழகம் காட்ட வேண்டியதில்லை, அது அவர்களுடைய அந்தரங்கத்தைக் கெடுக்கும் என்றும் கூறியது. சேர்க்கைக் கொள்கையைத் தெளிவாக அறிவித்து, அப்பேச்சிலிருந்து விலகி நின்றாலே போதும். ஒருவரையும் வெளிப்படுத்தாமல் வேற்றுமையை விசாரிக்க இயலும் என்பதற்கு இத்தீர்ப்பு வழிகாட்டியது. இந்திய மசோதா ஒன்று மீண்டும் வரையப்படுமாயின், அதில் முதலில் தேடத்தக்க பிரிவு இதுவே.